வழி மாறிச் சேரும் நுரையீரல் சிரைகள்: பச்சிளங்குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சை

தமனியில் நல்ல இரத்தம் ஓடும், சிரையில் கெட்ட இரத்தம் ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடையே மட்டும் இந்த விதி தலைகீழாகிவிடும். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றுக்கொண்ட இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்களுக்கு நுரையீரல் சிரைகள் என்று பெயர். பெயர்தான் சிரை, உள்ளே ஓடுவது நல்ல இரத்தம். வலது நுரையீரலிலிருந்து இரண்டு, இடது நுரையீரலிலிருந்து இரண்டு என நான்கு சிரைகள் இதயத்தின் இடது மேலறையின் பின்சுவரில் வந்து திறக்கின்றன. அந்த இரத்தம் இடது கீழறைக்கு இறங்கி, மகாதமனி வழியாக உடல் முழுவதும் செல்கிறது.

சில குழந்தைகளுக்கு இந்த நான்கு சிரைகளில் ஒன்றுகூட இடது மேலறைக்கு வந்து சேர்வதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே வழி மாறி, கெட்ட இரத்தம் வந்து சேரும் வலது பக்கத்தோடு இணைந்துவிடுகின்றன. மருத்துவமனைச் சீட்டில் இதை 'டிஏபிவிசி' என்று எழுதுவார்கள். 'டோட்டல் அனாமலஸ் பல்மனரி வீனஸ் கனெக்ஷன்' என்பதன் சுருக்கம் அது.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு முதல் பத்துப் பேருக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் கோளாறு இருக்கும். அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை பேருக்குத்தான் இது வருகிறது. இவ்வளவு அபூர்வமான ஒன்றைப் பற்றி ஏன் தனியாக எழுத வேண்டும்? இதயக் கோளாறுகளில் பல, மாதக்கணக்கில் பொறுக்கும். இதன் ஒரு வகை மணிக்கணக்கில்தான் பொறுக்கும். அதே சமயம், உரிய நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடி வளர்கிறார்கள். உடனே எங்கே போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று வீட்டிலுள்ளோர் தெரிந்திருப்பதைப் பொறுத்தே பல நேரங்களில் முடிவு அமைகிறது.

ஒரு ஃபகீஹ் கண்ட பாதை

நுரையீரல் சிரைகளின் வேலையை முதன்முதலில் சரியாக எழுதிவைத்தவர் இப்னுந் நஃபீஸ். திமிஷ்கில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இவர், 1242ஆம் ஆண்டில், இப்னு ஸீனாவின் 'அல் கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு ஒரு விரிவுரை எழுதினார். இதயத்தின் வலது கீழறையிலுள்ள இரத்தம், நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இடது பக்கம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் ஏற்றிருந்தார்கள். இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது, துளை ஏதும் இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய் அங்கே காற்றோடு கலந்து, அதன்பின் 'ஷிர்யான் வரீதீ' வழியாக இடது பக்கம் திரும்புகிறது என்றார். 'சிரை போன்ற தமனி' என்பது அச்சொல்லின் பொருள். சிரையின் மென்மையான சுவர், தமனிக்குரிய இரத்தம். இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிய அக்கால வழக்கு, இன்றைய பாடப்புத்தகப் பெயரைவிடத் தெளிவானது என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்த ஆசிரியரும்கூட. கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் பாடம் நடத்தியவர். 1288இல் வஃபாத்தானார். அந்த விரிவுரையின் கைப்பிரதியை 1924இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி கண்டெடுத்த பிறகுதான் உலகம் இதை மறுபடியும் அறிந்தது.

வழி எப்படி மாறுகிறது?

கரு உருவான முதல் மாதத்தில் நுரையீரல் மொட்டுகளைச் சுற்றி மெல்லிய இரத்த வலை ஒன்று இருக்கும். இடது மேலறையிலிருந்து ஒரு சிறு குழாய் முளைத்துப் போய் அந்த வலையோடு சேர வேண்டும். அது சேராமல் போனால், வலை தன் பழைய இணைப்புகள் வழியாகவே வடியத் தொடங்கும். அந்தப் பழைய இணைப்பு எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கேற்பக் கோளாறின் வகை மாறும்.

ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு அது மேல்நோக்கி இருக்கும். நான்கு சிரைகளும் இதயத்தின் பின்னால் ஒரு பை போலச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் கழுத்துப் பக்கம் ஏறி, மேற்பெருஞ்சிரைக்குப் போகும் இரத்தத்தோடு கலக்கும். இக்குழந்தைகளுக்குச் சில மாதம் ஆன பிறகு எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் 8 என்ற எண் போலத் தெரியும். மேலைநாட்டு மருத்துவர்கள் இதைப் பனிமனிதன் என்பார்கள். பனி பெய்யாத ஊர்க்காரர்களான நமக்கு எட்டே போதும். இன்னும் சிலருக்கு நேராக வலது மேலறையிலோ, இதயத் தசையின் கெட்ட இரத்தத்தைச் சுமக்கும் சிரைக்குழியிலோ போய்த் திறக்கும். ஒன்றிரண்டு சிரைகள் ஒரு பக்கமும் மற்றவை வேறு பக்கமுமாகப் போகும் கலப்பு வகையும் உண்டு, அது குறைவு.

மிக ஆபத்தானது கீழ்நோக்கிப் போகும் வகை. இதில் சேர்ந்த குழாய் உதரவிதானத்தைத் துளைத்து வயிற்றுக்குள் இறங்கிக் கல்லீரலின் இரத்தக் குழாயில் சேரும். நுரையீரலிலிருந்து வரும் அத்தனை இரத்தமும் கல்லீரலைக் கடந்துதான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். கருவில் இருக்கும்போது கல்லீரலைச் சுற்றிப் போக ஒரு குறுக்கு வழி உண்டு. பிறந்த சில நாட்களில் அது இயல்பாகவே மூடிக்கொள்ளும். எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லதாக அமையும் இந்த மூடல், இந்தக் குழந்தைக்கு மட்டும் வழியை அடைத்துவிடுகிறது. இரத்தம் நுரையீரலிலேயே தேங்கி நீர் கோத்துக்கொள்கிறது.

எந்த வகையானாலும், இக்குழந்தைகள் பிறந்தபின் உயிரோடு இருப்பதற்கு மேலறைகளுக்கு நடுவே ஒரு துளை இருந்தே ஆக வேண்டும். வலது பக்கம் வந்து கலந்த இரத்தத்தில் ஒரு பகுதி அந்தத் துளை வழியாகத்தான் இடது பக்கம் போய் உடம்பை அடைகிறது. இதயத்தில் ஓட்டை என்றால் நாம் பயப்படுகிறோம். இங்கே அந்த ஓட்டைதான் மூச்சு.

கருவில் ஏன் தெரிவதில்லை என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்களே என்பது அவர்கள் ஆதங்கம். கருவில் நுரையீரல் வேலை செய்வதில்லை. அதன் வழியே போகும் இரத்தம் மிகக் குறைவு. அந்த மெல்லிய சிரைகள் எங்கே போகின்றன என்பதைக் கருவின் இதயத்துக்கென்றே செய்யும் எக்கோ சோதனையில்கூடத் தவறவிட வாய்ப்புண்டு. ஸ்கேன் செய்தவர் அலட்சியமாக இருந்தார் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

அடைப்பு உள்ள வகையில் குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயோ சில நாட்களிலேயோ நீலம் பாய்ந்து மூச்சுத் திணறும். எக்ஸ்ரேயில் நுரையீரல் வெள்ளையாகத் தெரியும். இதயம் பெரிதாகவும் இருக்காது. அதனால் இதை நிமோனியா என்றோ குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் நோய் என்றோ கருதுவது நடக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பு ஓசையும் பெரும்பாலும் கேட்காது. ஓசை இல்லை, ஆகவே இதயத்தில் ஒன்றுமில்லை என்ற ஆறுதல் இங்கே பொருந்தாது. பிராணவாயுவும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தும் குழந்தை தேறவில்லையென்றால், "எக்கோ எடுத்தீர்களா?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

அடைப்பில்லாத வகை இன்னும் வஞ்சகமானது. குழந்தை பிறந்தபோது நன்றாகவே இருக்கும். வீட்டுக்கும் வந்துவிடும். சில வாரங்களில் பால் குடிக்கும்போது இரண்டு மிடறு குடித்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கும். மறுபடி குடிக்கும், மறுபடி நிறுத்தும். நெற்றி வியர்க்கும். எடை ஏறாது. சளி பிடித்தால் விடாது. இதை வீட்டுப் பெரியவர்கள் சளி கட்டியிருக்கிறது என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், கண்ணூறு என்பார்கள். அறுவைச் சிகிச்சை இல்லாத காலத்தில் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை.

நீலத்தை எங்கே பார்ப்பது? பிறந்த குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் குளிரில் சற்று நீலமாவது சாதாரணம். பார்க்க வேண்டியது நாக்கையும் ஈறையும் உதட்டின் உட்புறத்தையும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் தோலில் லேசான நீலம் கண்ணுக்குப் படாது. நாக்கு பொய் சொல்லாது என்றாலும், நாக்கிலும் ஓரளவுக்கு மேல்தான் தெரியும். ஆகவேதான் கருவி வேண்டும்.

கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் அந்தக் கருவி. குழந்தைக்கு அதற்கேற்ற சிறிய பட்டை வேண்டும். வீட்டிலிருக்கும் பெரியவர்களுடைய கிளிப்பை மாட்டிப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. பிறந்து 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஒரு காலிலும் அளக்க வேண்டும். அளவு 95 அல்லது அதற்கு மேல் இருந்து, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3க்கு மேல் போகாமல் இருந்தால் சரி. 90க்குக் கீழே இருந்தால் தாமதமின்றி மேல்பரிசோதனை. இடைப்பட்டிருந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அமெரிக்காவில் 2011இல் எல்லாப் பிறந்த குழந்தைகளுக்கும் செய்ய வேண்டிய சோதனைகளின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. இச்சோதனை குறிவைக்கும் ஏழு முக்கியக் கோளாறுகளில் டிஏபிவிசியும் ஒன்று. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்முன் "குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு பார்த்தீர்களா, எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடைப்பில்லாத வகையில் அளவு அவ்வளவாகக் குறையாமல் தப்பிவிடக்கூடும் என்பதால், சோதனை சரி என்று வந்தபின்னும் பால் குடிப்பதில் சிரமம் தெரிந்தால் மறுபடி காட்ட வேண்டும்.

தூங்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 60க்கு மேல் போனால், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாற்பது நாள் முடியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது என்ற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அது பழக்கம் மட்டுமே. மார்க்கம் அப்படித் தடுக்கவில்லை. ஓதிப் பார்க்கச் சொல்லிக் குழந்தைகளை நம்மிடம் கொண்டுவருகிறார்கள். ஓதுகிறோம். ஓதி முடித்ததும் பால் எப்படிக் குடிக்கிறது, மருத்துவரிடம் எப்போது காட்டினீர்கள் என்றும் கேட்கிறோம். மற்ற ஆலிம்களும் இதை வழக்கமாக்கிக்கொண்டால் நல்லது.

அறுவைச் சிகிச்சை பிறந்த கதை

நுரையீரல் சிரையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் இதயத்தை நிறுத்தித் திறக்க வேண்டும். ஓடும் இதயத்தை எப்படி நிறுத்துவது? 1951இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் முல்லர், இதயத்தை நிறுத்தாமலே ஒரு நுரையீரல் சிரையை இடது மேலறையின் காதுமடல் போன்ற பகுதியோடு சேர்த்துத் தைத்தார். முழுத் தீர்வல்ல, ஆனால் முடியும் என்று காட்டியது. 1952 செப்டம்பர் 2இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிர்வித்து, சில நிமிடங்கள் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, மேலறைத் துளையை மூடினார். 1953 மே 6இல் ஜான் கிப்பன், தாம் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண்ணுக்கு அதே அறுவையைச் செய்தார்.

நம்மை எப்போதும் நெகிழ வைப்பது 1954இல் நடந்தது. அதே மினசோட்டாவில் வால்டன் லில்லஹை, இயந்திரத்துக்குப் பதிலாகப் பெற்றோரையே பயன்படுத்தினார். குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தந்தையின் அல்லது தாயின் குழாய்களோடு இணைத்து, பெற்றவரின் இதயமும் நுரையீரலும் இருவருக்குமாக வேலை செய்ய, குழந்தையின் இதயத்தைத் திறந்து சரிசெய்தார். ஓர் அறுவையில் இரண்டு உயிர்களைப் பணயம் வைக்கிறார் என்று அவரைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். இம்முறையில் 45 பேருக்கு அறுவை நடந்தது. 28 பேர் வீடு திரும்பினார்கள்.

டிஏபிவிசியை இதயத்தைத் திறந்து முழுமையாகச் சரிசெய்தது 1956இல். ஆனால் பச்சிளங்குழந்தைகள் அப்போதும் பிழைப்பது அரிதாகவே இருந்தது. அவர்களுடைய சின்னஞ்சிறு உடல் இயந்திரத்தைத் தாங்கவில்லை. 1960களின் இறுதியில் ஜப்பானின் கியோட்டோவிலும் நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் குழந்தையின் உடலை ஆழமாகக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தி அறுவை செய்யும் முறை வளர்ந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இன்று எப்படிச் செய்கிறார்கள்?

எக்கோவிலேயே பெரும்பாலும் நோய் உறுதியாகிவிடும். சிரைகள் போகும் பாதை தெளிவாகாவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அடைப்புள்ள குழந்தையை வென்டிலேட்டரில் வைத்து, கூடிய விரைவில், பல நேரம் அதே நாளில், அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள். மற்றச் சில நீல இதயக் கோளாறுகளில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் குழந்தையைச் சில நாட்கள் தாக்குப்பிடிக்க வைக்கலாம். இங்கே அடைபட்ட சிரையைத் திறந்துவிடும் மருந்து கிடையாது. அடைப்பில்லாத குழந்தைக்கும் மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், கண்டறிந்த சில நாட்கள் அல்லது வாரங்களில் செய்துவிடுவதே இன்றைய வழக்கம்.

மார்பு எலும்பை நடுவே பிளந்து, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, குழந்தையை இயந்திரத்தோடு இணைப்பார்கள். பல மையங்களில் உடல் வெப்பத்தைச் சுமார் 18 டிகிரி செல்சியஸ் வரை இறக்குவார்கள். இவ்வளவு குளிரில் மூளையின் பிராணவாயுத் தேவை மிகவும் குறைந்துவிடும். பிறகு இரத்த ஓட்டத்தை நிறுத்தி, நேரத்தைக் கணக்குவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் முக்கியமான தையலை முடித்துவிட முயல்வார்கள். இயந்திர ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தாமலே செய்யும் மையங்களும் உண்டு.

இதயத்தின் பின்னால் சிரைகள் சேர்ந்திருக்கும் பையை நீளவாக்கில் திறப்பார்கள். அதற்கு நேரே இடது மேலறையின் பின்சுவரையும் திறப்பார்கள். இரண்டு திறப்புகளின் விளிம்புகளையும் தலைமுடி போன்ற நூலால் தைத்து ஒன்றாக்குவார்கள். கருவின் முதல் மாதத்தில் சேர்ந்திருக்க வேண்டியதை இப்போது சேர்த்துவைக்கிறார்கள், அவ்வளவுதான். திறப்பு தாராளமாக இருக்க வேண்டும், சிரை முறுக்கிக்கொள்ளக் கூடாது. அறுவை நிபுணரின் கைத்திறன் தெரிவது இந்த இடத்தில். அதன்பின் மேலறைத் துளையை மூடுவார்கள். இனி அந்த ஓட்டை தேவையில்லை. தவறான பாதையில் போன குழாயையும் பொதுவாகக் கட்டிவிடுவார்கள். சிரைக்குழிக்குள் திறக்கும் வகையில் வேலை வேறு: அந்தக் குழிக்கும் இடது மேலறைக்கும் இடையிலுள்ள சுவரை வெட்டித் திறந்து, வலது பக்கம் ஓர் ஒட்டுப் போட்டு அடைப்பார்கள்.

அறுவை முடிந்த முதல் சில நாட்கள் ஐ.சி.யூ.வில் கவனம் மிக அதிகம் தேவைப்படும். இதுவரை குறைந்த இரத்தத்தையே பார்த்துப் பழகிய இடது பக்கம் திடீரென்று முழுச் சுமையையும் ஏற்கிறது. நுரையீரல் இரத்தக் குழாய்கள் சட்டென்று இறுகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. குழந்தை அழுதால்கூட அது நேரலாம். அதனால்தான் மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள், சிலருக்கு நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுப்பார்கள், சிலருக்கு மார்பை உடனே மூடாமல் ஓரிரு நாட்கள் திறந்தே வைத்திருப்பார்கள். வெளியே காத்திருப்பவர்கள் இதைப் பார்த்து அறுவை தோற்றுவிட்டது என்று எண்ணிக் கலங்க வேண்டாம். நல்ல மையங்களில் இப்போது பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். மிக முற்றிய அடைப்போடு வந்தவர்களுக்கும், இதயத்தில் வேறு பெரிய கோளாறுகளும் சேர்ந்திருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

நான்கில் ஓரிரு சிரைகள் மட்டும் வழி மாறியிருந்தால் கதை வேறு. அதைப் 'பார்ஷியல்' என்பார்கள். குழந்தைப் பருவத்தில் தொல்லையே தராமல், பள்ளி வயதிலோ முப்பது நாற்பதிலோ தெரியவரலாம். வலது நுரையீரலின் மேல் சிரை மேற்பெருஞ்சிரையில் சேர்ந்திருந்தால், 1984இல் ஹெர்பர்ட் வார்டன் வெளியிட்ட முறையில் சரிசெய்வது வழக்கம். எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. நிதானமாக இரண்டாவது மருத்துவரிடமும் கேட்டு முடிவெடுக்க அவகாசம் உண்டு.

வீடு திரும்பிய பின்

இதைத்தான் குடும்பங்கள் தவறவிடுகின்றன. பிள்ளை பிழைத்துவிட்டது, எடை ஏறுகிறது, மறுபரிசோதனைக்கு ஏன் அலைய வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சரிசெய்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத் தைத்த இடத்திலோ சிரைகளின் உள்ளேயோ மறுபடி சுருக்கம் ஏற்படுகிறது. பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். மறுபடி வேகமான மூச்சு, மறுபடி பால் குடிக்கத் திணறல், ஆறாத சளி ஆகியவையே அதன் அறிகுறிகள். நன்றாகத் தேறிய பிள்ளைக்கு மூன்றாம் மாதத்தில் வரும் நிமோனியாவை வெறும் நிமோனியா என்று விட்டுவிடாமல் எக்கோ எடுக்க வேண்டும்.

சுருக்கம் வந்த சிரையைத் தைத்தால், தைத்த இடமே மறுபடி தழும்பாகிச் சுருங்குவது பெரிய தலைவலியாக இருந்தது. 1990களில் கனடாவின் டொராண்டோவிலும் பிரான்சிலும் அறுவை நிபுணர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சிரையின் வெட்டு விளிம்பில் ஊசியே படாமல், அதைச் சுற்றியுள்ள இதய உறையை மேலறையோடு தைத்துவிடுவது. சிரைகளிலிருந்து வரும் இரத்தம் அந்த உறைக்குள் கொட்டி மேலறைக்குப் போகும். தையலில்லா முறை என்று இதற்குப் பெயர். தையல் உண்டு, சிரையில்தான் இல்லை. இப்போது சில மையங்களில் முதல் அறுவையிலேயே இதைச் செய்கிறார்கள். ஆனால் சுருக்கம் நுரையீரலுக்குள்ளே நான்கு சிரைகளிலும் பரவிவிட்டால் எந்த முறையும் கடினம். சீக்கிரம் கண்டுபிடிப்பதன் அவசியம் அதனால்தான்.

மார்பு எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. கழுத்துக்கும் பிட்டத்துக்கும் கீழே கைகொடுத்து ஏந்த வேண்டும். பார்க்க வரும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், ஆளுக்கு ஒருவராகத் தூக்கிக் கொஞ்சுவது நம் வழக்கம். தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும் தேதியில் தொடர வேண்டும். சுன்னத் செய்வதற்கு முன் இதய மருத்துவரிடம் கேட்டே நாள் குறிக்க வேண்டும். சில பிள்ளைகள் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அறுவைக்குப் பின் ஆறு மாதம் வரை, கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்காமல் தடுக்க முன்மருந்து தேவைப்படலாம். காது குத்துவதற்கும் இதே எச்சரிக்கை.

நம்மிடம் கேட்கப்படுபவை

ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவதாகக் கேள்விப்பட்டோம், ஆகுமா என்று கேட்கிறார்கள். கேள்விப்பட்டது உண்மைதான். இதயத்தை இயந்திரத்தோடு இணைக்க அது இல்லாமல் முடியாது. உயிர் காக்க வேறு மாற்று இல்லாதபோது அதற்கு அனுமதி உண்டு என்பதே நம் பதில். இக்கால ஃபிக்ஹு அறிஞர்கள் பலரின் முடிவும் அதுவே. ஒட்டுப் போட, பெரும்பாலும் குழந்தையின் சொந்த இதய உறையிலிருந்தே ஒரு துண்டை வெட்டிக்கொள்கிறார்கள். மாட்டின் இதய உறையைப் பதப்படுத்திப் பயன்படுத்துவதும் உண்டு. இதைக் கேட்டுத் தெளிவு பெறுவதில் தவறில்லை. ஆனால் அடைப்புள்ள குழந்தையை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு ஃபத்வாவுக்குக் காத்திருக்கக் கூடாது.

தந்தை வெளிநாட்டில் இருக்கிறார், அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமே என்று காத்திருப்பவர்கள் உண்டு. பொதுவாகத் தாயின் கையெழுத்தே போதும். துபையிலிருந்து விமானம் பிடித்து வருவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும்.

யாருடைய குற்றம்? இது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. பெரும்பாலும் மருமகளை நோக்கியே எழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதைத் தின்றாள், இதைத் தூக்கினாள் என்பார்கள். இவற்றில் எதற்கும் இந்தக் கோளாறோடு தொடர்பில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று சுட்டிக்காட்ட இயலாது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் கோளாறுகளின் வாய்ப்பு சற்றே கூடுகிறது என்பது உண்மை. மச்சான், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுக்கும் குடும்பங்கள் அடுத்த திருமணத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறலாம். ஆனால் அந்தப் பேச்சை ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் தாயிடம் எடுக்காதீர்கள்.

பணத்துக்கு என்ன செய்வது? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைகள் அடங்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குழந்தையின் பெயர் இன்னும் குடும்ப அட்டையில் ஏறவில்லையே என்று தயங்காமல், மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரை நேரில் பாருங்கள். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் மூலமும் பிறவி இதயக் கோளாறுகளுக்குச் சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். தென்மாவட்டத்தினர் பலர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறார்கள். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனை உண்டு. எங்கே போனாலும், பெரியவர்களுக்கு பைபாஸ் செய்யும் இடம் என்பது போதாது. பச்சிளங்குழந்தைகளுக்கு இதய அறுவை செய்யும் குழுவும் அவர்களுக்கென்றே ஐ.சி.யூ.வும் இருக்கிறதா என்று கேளுங்கள். புறப்படும் முன் அங்கே போனில் பேசிப் படுக்கை உண்டா என்று உறுதிசெய்து, வென்டிலேட்டர் வசதியுள்ள ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். இரத்தம் கொடுக்க உறவினர்களை அழைத்துவரச் சொல்வார்கள்; ஜமாஅத்தின் இரத்ததானக் குழுவினருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டால் அலைச்சல் குறையும். திட்டத்தில் அடங்காத செலவுகளுக்கு, தகுதியுள்ள ஏழைக் குடும்பமானால் பைத்துல்மாலிலிருந்து ஜகாத் நிதியையும் கொடுக்கலாம்.

அறுவைக் குறிப்பு, எக்கோ அறிக்கைகள், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, செல்போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெரியவனாகி வேறு ஊருக்குப் படிக்கப் போகும்போது அவன் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும். சிலருக்கு வாலிபத்தில் இதயத்துடிப்பு தாறுமாறாவதுண்டு. பார்க்கும் மருத்துவருக்கு எங்கே தைத்தார்கள் என்பது தெரிய வேண்டும். பெண் பிள்ளையானால், மார்பிலுள்ள தழும்பை மறைத்துத் திருமணப் பேச்சு நடத்துவதைவிட, சரிசெய்யப்பட்ட இதயம் என்று மருத்துவச் சான்றோடு சொல்லிவிடுவது நல்லது. அவள் கருவுற்றால் முதல் மாதங்களிலேயே இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் மாத வாக்கில் கருவின் இதயத்துக்கென்று தனி எக்கோ எடுக்க வேண்டும்.